சப்பாத்துப் பொலிஷ் பண்ணச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி

பொலிஷ் டப்பா ஒரு மூலையில், பிரஷ் இன்னொரு மூலையில், பள்ளிக்கூட வான் வந்து கோர்ன் அடிக்கும்போது வீடே தேடும். விறாந்தைச் சுவரில் ஒரு மூடு பெட்டி அடித்துவிடுங்கள், இந்தத் தொல்லை போய்விடும்.

ஆழம் 15 சென்ரிமீற்றர் போதும், நடந்து போகும்போது தோளில் இடிக்காது. கதவைப் பக்கவாட்டில் பூட்டாமல் பிணைச்சலைக் கீழே வைத்து, முன்னால் விழுந்து மேசை மாதிரி நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். இரு பக்கமும் சங்கிலி. கதவு நிலத்திலிருந்து ஒரு கதிரை உயரத்தில், அதாவது 45 சென்ரிமீற்றரளவில் விழுந்தால் வாங்கில் இருந்தபடியே பொலிஷ் பண்ணலாம். ஆனால் அதில் காலை ஊன்றவேண்டாம். பாரம் நுனியில் விழ, பெட்டியைச் சுவரில் பிடிக்கும் மேல் திருகாணிதான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். கால் வைத்தே ஆகவேண்டுமென்றால் கதவின் நுனியில் நிலத்தைத் தொடும் மடிப்புக் கால் ஒன்று பூட்டுங்கள். சுவர்த் திருகாணி பூச்சில் மட்டும் நிற்காமல், துளைக்குள் அடிக்கும் பிளக்கோடு கல்லுக்குள் இறங்கவேண்டும்.

மாரியில் பிரஷ் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் அடிப்பலகையில் நாலைந்து ஓட்டை கட்டாயம். செம்மண் தூசியும் அதாலேயே கொட்டிவிடும். கறுப்புக்கும் மண்ணிறத்துக்கும் பிரஷை வேறு வேறு கொழுக்கியில், மயிர் கீழ்ப்பக்கம் பார்க்கத் தொங்கவிடுங்கள், கலந்தால் மண்ணிறச் சப்பாத்து பாழ். வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம், டப்பாவுக்குள் பொலிஷ் காய்ந்து வெடித்துவிடும்.