நகரத்தின் டிஜிட்டல் இரட்டை: கைதேர்ந்தவர்களும் சறுக்கும் இடங்கள்

நகரத்தின் முப்பரிமாண உருவத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினால் கூட்டத்தில் கைதட்டல் நிச்சயம். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. சென்சார்களிலிருந்து தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதில் கிடைக்கும் விடை நகரத்தில் ஏதாவது ஒரு முடிவை மாற்றவும் வேண்டும். அப்போதுதான் அது டிஜிட்டல் இரட்டை, அதாவது நிஜ நகரத்தோடு சேர்ந்து மாறும் கணினி நகல். இல்லாவிட்டால் விலை உயர்ந்த பொம்மை.

ஆகவே மாதிரிக்கு முன்னால் கேள்வி வேண்டும். சிங்கப்பூரின் 7.3 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 'வெர்ச்சுவல் சிங்கப்பூர்' திட்டத்தில் அப்படிச் சில தெளிவான கேள்விகள் இருந்தன. சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் படியில்லாத வழி எது? எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழும்? வெயில் கணக்குக்குக் கூரைச் சரிவும் சுற்றுக் கட்டடங்களின் நிழலும் தெரிந்தால் போதும். அதற்கும் ஜன்னல் ஜன்னலாக வரைந்துகொண்டிருந்தால் காசுதான் கரையும்.

விவரம் குறைந்தால் கவிழ்த்துவிடும் விஷயமும் உண்டு: வெள்ளம். விமானத்திலிருந்து லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி) மூலம் அளக்கும்போது உயரத்தில் 10 செ.மீ. பிழை சாதாரணம். நடைபாதையின் ஓரக்கல்லே ஏறக்குறைய 15 செ.மீ.தான். மழைநீர் எந்தத் தெருவுக்குத் திரும்பும் என்பதைப் பல இடங்களில் அந்தக் கல்தான் தீர்மானிக்கிறது. சிறுபாலங்களில் இன்னும் மோசம். மேலிருந்து பார்க்கும் லேசருக்குப் பாலத்தின் தளம் தெரியும், அடியில் ஓடும் கால்வாய் தெரியாது. சரிசெய்யாமல் விட்டால் மாதிரியில் ஒவ்வொரு பாலமும் ஓர் அணை. திரையில் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், நிஜத்தில் அது அடுத்த பேட்டைக்குள் புகுந்திருக்கும். பழைய மழையின் வெள்ளக்குறிகளோடு ஒப்பிடாமல் எந்த வெள்ள வரைபடத்தையும் ஆணையர் மேசைக்கு அனுப்பக் கூடாது.

மண்ணுக்குக் கீழேயும் இதே கதை. குழாய், கேபிள் பதிவேடுகளை அப்படியே ஏற்றினால் பழைய பிழை புது வண்ணத்தில் வரும், அவ்வளவே. தரையடிப் பதிவுகள் நம்பும்படி இல்லாததால்தான் சிங்கப்பூர் நில ஆணையம் 2017இல் ஸூரிக் நகர நில அளவைத் துறையோடும் ஆய்வாளர்களோடும் கைகோத்து, அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது.

புகைப்படங்களிலிருந்து தைத்த மாதிரி கண்ணுக்கு நிஜம் போலவே இருக்கும். ஆனால் கூரையும் சுவரும் மரமும் அதில் ஒரே தோல். 'இந்தக் கட்டடம் எந்த ஆண்டு கட்டியது' என்று கேட்டால் பதில் வராது. ஹெல்சிங்கி அதனால்தான் காட்சிக்கு ஒன்று, தகவலுக்கு ஒன்று என இரண்டு மாதிரிகள் செய்து, இரண்டையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

மாதிரியைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டட அனுமதியோடு மாதிரியும் மாறும்படி செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

சென்சார் தரவு யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் டொரன்டோவின் கீசைட் திட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் சென்சார்கள் நிறைந்த ஒரு பகுதியை அங்கே கட்ட நினைத்தது. அறிவித்தது 2017இல். தனியுரிமை ஆலோசகர் ஆன் கவூக்கியன் மறு ஆண்டே விலகினார். 2020 மே மாதம், கொரோனா காலப் பொருளாதார நிலையைக் காரணம் சொல்லித் திட்டத்தையே கைவிட்டார்கள். தரவு பற்றிய சண்டை அதற்கு வெகுமுன்பே தொடங்கியிருந்தது.