பாட்டு ரசனை பிறப்பா வளர்ப்பா? வகுப்பில் சோதிக்கும் முறை

“பையனுக்கு ஜமாப், பொண்ணுக்கு மெலடி” என்று சிலர் சொல்வதுண்டு. ஜமாப் என்பது கொங்குப் பக்கத்து மேள இசை. சோதிக்க, 30 நொடித் துண்டுகள் 12 போதும்: ஜமாப், உறுமி, நாதஸ்வரம், தாலாட்டு. சினிமாப் பாட்டு வேண்டாம், நடிகர் முகம் நினைவுக்கு வந்துவிடும். பேர் சொல்லாமல் ஒலிக்கவிட்டு, தனித்தாளில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கை தூக்கச் சொன்னால் கெட்டது காரியம். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத்தான் கை எழும்.

தாளின் பின்புறம் ஒரு கேள்வி: வள்ளி கும்மியோ ஒயிலாட்டமோ பழகியதுண்டா? பழகியவர்களைத் தனியே பிரித்து ஆண், பெண் சராசரியைப் பாருங்கள். பழகாதவர்களிடம் உள்ளதைவிட இடைவெளி சுருங்கினால் வளர்ப்பின் பக்கம் சாய்கிறது. சுருங்காவிட்டாலும் பிறவிக் குணம் என்று எழுதிவிடாதீர்கள். கருவில் 25 வாரம் வாக்கிலேயே காது கேட்கத் தொடங்கிவிடுகிறது; அம்மா கேட்ட பாட்டும் கணக்கில் சேரும்.