கிளீனர் மீனா, போலியா? வாயைப் பாருங்க

விரல் நீளத்துக்கு ஒரு மீன், வெள்ளையும் நீலமும் கலந்த உடம்பு, மூஞ்சிலருந்து வால் வரைக்கும் ஒரு கருப்புக் கோடு, பின்னாடி போகப் போக அகலமாகும். பவளப்பாறைல இதைப் பாத்ததும், மத்த மீன்கள் மேல இருக்குற ஒட்டுண்ணியைத் தின்னு சுத்தம் பண்ற கிளீனர் ராஸ்னு குறிச்சு வெச்சுட்டேன், ரொம்ப நாள் கழிச்சு அதே வீடியோவைப் போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அது ராஸே இல்ல, அதே வேஷத்துல திரியுற பிளென்னிங்குற வேற மீன்.

முதல்ல, போட்டோவை விட வீடியோ எடுங்க. தள்ளி நின்னு, அசையாம ஒரு நிமிஷமாவது. நிறத்தை நம்பாதீங்க, ஆழத்துல சிவப்பு போயிடும், எல்லாம் நீலமாத்தான் தெரியும்.

அடுத்து வாய். நான் தப்பு பண்ணினது இங்கதான். ராஸுக்கு வாய் மூஞ்சி நுனியிலயே இருக்கும். பிளென்னிக்கு மூக்கு முன்னாடி துருத்திட்டு நிக்கும், வாய் சுறாவுக்கு இருக்குற மாதிரி கீழ்ப்பக்கம் இருக்கும். மேலருந்தோ நேர் எதிர்லருந்தோ பாத்தா இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, மீன் பக்கவாட்டுல திரும்புற ஃபிரேம் கிடைக்குற வரைக்கும் ஒவ்வொரு ஃபிரேமா நகத்திப் பாருங்க, அது இல்லாம பேர் வைக்காதீங்க.

அப்புறம் நடத்தை. ராஸ் பக்கத் துடுப்பை அடிச்சு நீந்தும், வால் பக்கத்தைத் தூக்கித் தூக்கி ஆடும். பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்து, செவுளை விரிச்சு நிக்கும், அது உள்ள புகுந்து ஒட்டுண்ணியைத் தின்னும். பிளென்னி பெரும்பாலும் பொந்துலருந்து தலையை மட்டும் நீட்டிட்டு இருக்கும், மத்த மீனோட துடுப்பைக் கடிக்கும், குழாய்ப் புழு, மீன் முட்டைன்னும் தின்னும்.

ஆனா பெரிய மீன் திடீர்னு துள்ளுச்சுன்னா உடனே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க. ராஸுக்கு ஒட்டுண்ணியை விட மீன் மேல இருக்குற வழவழப்புதான் பிடிக்கும், அப்பப்ப அதையும் கடிச்சுரும், அப்பவும் துள்ளும்.

பேர் தேட, போட்டோ போட்டா உயிரினத்தை அடையாளம் சொல்ற ஐநேச்சுரலிஸ்ட் தளம் போதும்னு சொல்றாங்க, எனக்கு ஃபிஷ்பேஸ்ங்குற மீன் தகவல் தளத்துல லாப்ராய்டஸ் டிமிடியாடஸ் (ராஸ்), ஆஸ்பிடான்டஸ் டேனியாட்டஸ் (பிளென்னி) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சுப் பாத்தாதான் திருப்தி.

அப்டேட்: கருப்பு உடம்புல ஒரே ஒரு நீலக் கோடு இருக்கே, அது என்னன்னு கேட்டிருந்தீங்க. அது ராஸோட குட்டி. கரீபியன் கடல்ல எடுத்த வீடியோ அனுப்பினவங்களுக்கு: இந்த ரெண்டு மீனும் இந்திய, பசிபிக் பெருங்கடல் பக்கம்தான், கரீபியன்ல கிளீனர் வேலையைப் பாக்குறதுல முக்கியமானவை கோபிங்குற சின்ன மீன்கள்.