சி கம்பைலர் தரநிலைக்கு உட்பட்டு நடக்கிறதா என்று சோதிக்கும் முறை

சி மொழியில் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருளே சி கம்பைலர். அதைத் தரநிலையின், அதாவது மொழியின் விதிகளை வகுக்கும் ஆவணத்தின், எந்தப் பதிப்பை வைத்துச் சோதிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சி மொழியின் ஐஎஸ்ஓ தரநிலை 1990-இல் வெளியானது. அதன்பின் 1999, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வந்துள்ளன. -7 ஐ 2 ஆல் வகுத்தால் விடை -3 ஆ, -4 ஆ என்பதை 1990 பதிப்பு கம்பைலரின் முடிவுக்கு விட்டிருந்தது. 1999 பதிப்போ -3 தான் என்று தீர்த்துவிட்டது. ஜிசிசி போன்ற கம்பைலர்கள், தேர்வு எதுவும் கொடுக்காதபோது, தரநிலையில் இல்லாத தங்கள் சொந்த நீட்டிப்புகளையும் ஏற்றுக்கொள்வதால், பதிப்பைக் குறிக்கும் தேர்வையும், தரநிலையை மீறும் இடங்களில் எச்சரிக்கச் சொல்லும் 'பெடான்டிக்' தேர்வையும் கொடுத்தே சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு சோதனையும் தரநிலையின் ஒரு வாக்கியத்திலிருந்து பிறக்க வேண்டும். அதன் பிரிவு எண்ணைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள். எழுதும் முன், அந்த வாக்கியம் கம்பைலரை உண்மையில் எதற்காவது கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். ஒரு சார்புக்கு (ஃபங்ஷன்) அனுப்பும் மதிப்புகள் எந்த வரிசையில் கணிக்கப்படும் என்பதைத் தரநிலை சொல்லவில்லை. ஆகவே எந்த வரிசை வந்தாலும் சோதனை தேற வேண்டும். குறியுடைய முழு எண் வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படவே இல்லை. அங்கே எதிர்பார்க்கவும் ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

சரியான நிரல்களைச் சோதிக்கையில், அதே கணக்கை மாறிலிகளைக் கொண்டு ஒரு முறையும், 'வாலடைல்' மாறிகளைக் கொண்டு ஒரு முறையும் எழுதுங்கள். முன்னதைக் கம்பைலரே கணித்துவிடக்கூடும். பின்னதில் மதிப்புகளை இயக்க நேரத்தில் படித்தாக வேண்டும். இரண்டையும் எல்லா உகப்பாக்க நிலைகளிலும் (நிரலை வேகப்படுத்தக் கம்பைலர் எவ்வளவு மாற்றலாம் என்ற அளவுகள்) ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பலரும் அலட்சியம் செய்வது தவறான நிரல்களைத்தான். 'கான்ஸ்ட்', அதாவது மாற்றக்கூடாதது, என்று அறிவித்த மாறிக்கு மதிப்பளிப்பது போன்ற விதிமீறல் இருந்தால், கம்பைலர் குறைந்தது ஒரு செய்தியாவது வெளியிட வேண்டும் என்பதே தரநிலையின் கட்டளை. நிரலை நிராகரித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே வெறும் எச்சரிக்கையையும் தேர்ச்சியாகவே கொள்ள வேண்டும். அந்த ஒரு செய்தி முழுக் கோப்புக்கும் போதுமானது என்பதால், ஒரு கோப்பில் இரண்டு பிழைகளை வைத்தால் இரண்டாவது கண்டறியப்பட்டதா என்று தெரியாமலே போய்விடும். கோப்புக்கு ஒரு பிழை போதும். கூடவே அந்தப் பிழையை மட்டும் திருத்திய இணை நிரல் ஒன்றையும் வைத்து, அது செய்தியின்றித் தொகுக்கப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையேல் விடுபட்ட ஓர் அரைப்புள்ளியைக் கண்டு எழுந்த செய்தியைக்கூட வெற்றியாக எண்ணிவிடுவோம். அடா என்ற இன்னொரு நிரல் மொழியின் கம்பைலர்களைச் சோதிக்கும் ஏகாட்ஸ் தொகுப்பு இத்தகைய தவறான நிரல்களுக்கென்றே 'பி' என்ற தனி வகுப்பை வைத்திருக்கிறது.

இன்னொரு கம்பைலரின் விடையோடு ஒப்பிட்டு முடிவு சொல்வது எளிதுதான். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் கருவி, தானே ஆக்கிய நிரல்களை இப்படி ஒப்பிட்டுக் கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. பிழை வேட்டைக்கு அது அருமையான வழி என்றாலும், இரண்டு கம்பைலர்களும் ஒரே விதியை ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அது மௌனமாகிவிடும். எனவே எதிர்பார்க்கும் விடையைத் தரநிலையைப் படித்தே எழுதுங்கள். ஒரு சோதனை தோற்றால், கம்பைலர்மேல் புகார் எழுதும் முன் தலைப்பில் குறித்த பிரிவை மறுபடி வாசியுங்கள். தவறு சோதனையிலேயே இருப்பதும் உண்டு.