ஆபரேஷனுக்கு முந்தைய இரவில் ஆப்: பிஜி மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

நாளைய ஆபரேஷன் லிஸ்டில் லேப்ராஸ்கோபி முறையில் (சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு) பித்தப்பை அகற்றும் கேஸ் ஒன்று. பிஜி மாணவர், அதாவது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிப்பவர், இரவில் ஆபரேஷனைப் படிப்படியாகக் காட்டும் பயிற்சி ஆப் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு படியாக விரலால் தள்ளிப் பார்க்கிறார். நல்ல பழக்கம்தான். கடைசியில் வரும் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்ததும், 'சரி, தயாராகிவிட்டோம்' என்று போனை வைத்துவிடுகிறார். தவறு அங்கே ஆரம்பிக்கிறது.

ஆப் சொல்லித் தருவது வரிசையை மட்டும்தான்: எந்த போர்ட் (கருவி நுழையும் துளை) முதலில், எப்போது கிளிப் (குழாயை மூடும் சிறு கவ்வி), எங்கே வெட்டு. திரையில் விரலை இழுத்தால் திசு பிரிந்துவிடும். வயிற்றுக்குள் அப்படி இல்லை. போர்ட் வழியாகப் போகும் கருவியின் முனை, கை நகரும் திசைக்கு எதிராக நகரும். அதைக் கைக்குப் பழக்க பாக்ஸ் டிரெய்னரில்தான் (துளைகள் வழியாகக் கருவியை விட்டுப் பழகும் பயிற்சிப் பெட்டி) உட்கார வேண்டும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. பல ஆப்களில் பித்தநாளம் பச்சை, தமனி சிவப்பு. எது எது என்று முடிவெடுக்கும் வேலையே மாணவருக்கு இல்லை. ஆனால் இந்த ஆபரேஷனின் மோசமான விபத்தே அந்த முடிவில்தான் நடக்கிறது: பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பைக் குழாய் என்று நினைத்துக் கிளிப் போட்டுவிடுவது. அதைத் தடுக்கத்தான் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் 'கிரிட்டிக்கல் வியூ' என்ற அளவுகோலை முன்வைத்தார். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப் பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தான் (பித்தப்பைக் குழாயும் அதன் தமனியும்) போக வேண்டும். மூன்றும் தெரியாமல் கிளிப் கூடாது.

ஆகவே நிஜ ஆபரேஷன் வீடியோ ஒன்றை எடுத்து, கிளிப் போடுவதற்குச் சற்று முன்பு நிறுத்துங்கள். மூன்றும் தெரிகிறதா? யூடியூபில் கைதட்டல் வாங்கிய வீடியோக்களிலும் சில சமயம் தெரியாது! தெரியாவிட்டால் அடுத்து என்ன? பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிறுத்துவதா, வயிற்றைத் திறப்பதா? ஒழுங்கான உடற்கூறை வைத்து வரைந்த ஆப் அந்தப் பக்கம் போவது அரிது.

நோயாளியை விட்டுவிட்டு ஆப்பை மட்டும் படிப்பதும் நடக்கிறது. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, பித்தநாளம் விரிந்திருக்கிறதா, ரத்தத்தில் பிலிருபின் (பித்த நிறமி) எவ்வளவு, தொப்புள் பக்கம் பழைய தழும்பு உண்டா? கேஸ் ஷீட்டைப் புரட்ட பத்து நிமிடம் போதும். பழைய தழும்பு இருந்தால் முதல் போர்ட் போடும் இடமே மாறலாம்.

அப்புறம், உங்கள் சீஃப் நோயாளியின் இடப்பக்கம் நின்று செய்பவரா, கால்களுக்கு நடுவே நின்று செய்பவரா? உலகில் இரண்டு முறையும் உண்டு. ஆப் ஒன்றைத்தான் காட்டும். கேமரா பிடிக்கப்போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே திட்டு விழும். ஆப்பைத் தயாரித்தது யார் என்றும் பாருங்கள். கருவி விற்கும் நிறுவனம் என்றால் அதன் கருவியே எல்லாப் படியிலும் வரும்.

சந்தேகம் கேட்க ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள், மூலையில் இருக்கும் நோயாளியின் பெயரையும் ஐ.பி. எண்ணையும் (உள்நோயாளி எண்) வெட்டிவிட்டுப் போடுங்கள்.