அப்பச்சியைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்: பிள்ளை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. இங்கே இரவு எட்டு மணி, சிங்கப்பூரில் பத்தரை. வேலை முடிந்து அலுத்துப்போன அப்பச்சி (செட்டிநாட்டில் அப்பாவை இப்படித்தான் அழைப்பார்கள்) வீடியோ காலில் வருகிறார். ஒன்பது வயதுப் பையனை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிறுத்தி, "டியூஷனுக்குப் போகாம கிரிக்கெட் ஆடப் போயிட்டான், நீங்களே கேளுங்க" என்று ஆத்தா (அம்மா) போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். பையன் தலையைத் தூக்கவே இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல்லில் உள்ள பூவைக் கால் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டு நிற்கிறான். பத்து நிமிடம் திட்டு. போனை வைத்ததும் அப்பத்தா அவன் கையில் ஒரு மாவுருண்டையைத் திணித்து, "விடுடா ராசா, ஒங்கப்பச்சி எப்பவும் அப்படித்தான்" என்கிறார்.

மூவருக்கும் பிள்ளைமேல் உயிர். ஆனாலும் அந்த அரை மணி நேரத்தில் மூன்று தவறுகள் நடந்துவிட்டன.

பெரிய தவறு, தூரத்தில் இருக்கும் அப்பச்சியைப் போலீஸ் ஆக்குவது. பர்மா, மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் செட்டிநாட்டு ஆண்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். இன்று முகத்தைத் தினமும் பார்க்க முடிகிறது. அந்த முகம் விசாரணைக்கு மட்டுமே வந்தால், பிள்ளை மறைக்கப் பழகிவிடும். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரு ஆய்வாளர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000-ல் எழுதியது இது: பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொல்வதுதான், துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்வது குறைவு. அப்படி வந்து சொல்லும் பழக்கத்தைத்தான் நாம் திட்டித் திட்டிக் கெடுக்கிறோம்.

அடுத்தது, கண்டிப்பு வேண்டுமா பாசம் வேண்டுமா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார்: அதட்டி அடக்குவது, கேட்டதெல்லாம் கொடுத்துச் செல்லம் கொஞ்சுவது, பாசத்தோடு காரணம் சொல்லிக் கண்டிப்பது. 1983-ல் மக்கோபியும் மார்ட்டினும், கண்டுகொள்ளாமல் விடுவதை நான்காவதாகச் சேர்த்தார்கள். பாசமும் கண்டிப்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதட்டல் மட்டுமே உள்ள வீட்டில் பிள்ளை சொல்பேச்சு கேட்கலாம், ஆனால் தானாக முடிவெடுக்கத் தயங்கும். செல்லம் மட்டும் என்றால், 'இல்லை' என்ற சொல்லைத் தாங்காது.

மூன்றாவது, ஒரே வீட்டில் இரண்டு சட்டம். ஆத்தா மறுத்ததை அப்பத்தா கொடுத்தால், யாரிடம் போய் அழவேண்டும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. போன் எத்தனை மணிக்கு வைக்கவேண்டும் என்பது போன்ற இரண்டு மூன்று விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக நின்றால் போதும். மாவுருண்டையை அவர் தாராளமாகக் கொடுக்கட்டும்!

"உன்னால எனக்கு மானம் போச்சு", "பங்காளி வீட்டுப் பையனைப் பாரு" என்ற பேச்சையும் நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். செய்த தப்பைக் கண்டிப்பது வேறு, பிள்ளையின் மனதைக் குற்ற உணர்வால் கட்டுவது வேறு. இரண்டாவது வகைக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அடியும் அப்படித்தான். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுத்திருக்கிறது, வீட்டில் மட்டும் எதற்கு?

ஒன்று, எல்லாப் பழியையும் வளர்ப்பின்மேல் போடவும் கூடாது. பிறவியிலேயே ஒரு பிள்ளை கூச்சம், இன்னொன்று துறுதுறு. அண்ணனுக்கு ஒரு பார்வை போதும், தம்பிக்கு நான்கு முறை பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கும்.

சரி, அந்த டியூஷன் விஷயத்தை என்ன செய்வது? ஆத்தாவே அன்று மாலை உட்கார்ந்து பேசலாம். ஏன் போகவில்லை என்று கேட்டு, விட்ட பாடத்தை மறுநாள் விளையாடும் நேரத்தில் முடிக்கச் சொல்லலாம். அப்புறம் எட்டு மணிக்கு அப்பச்சி வரும்போது, "எத்தனை ரன் எடுத்தே?" என்று அவர் முதலில் கேட்கட்டும்.