டாங்கி காங் ஸ்கோரை ஒப்பிடும் முன்: உங்களுடையது ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா?

படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும் பங்காளிப் பையன்கள் வீட்டுப் பட்டாலையில் மடிக்கணினியை வைத்து டாங்கி காங் (குரங்கு உருட்டும் பீப்பாய்களைத் தாண்டி மேலே ஏறும் பழைய வீடியோ கேம்) ஆடுவதும், யார் ஸ்கோர் பெரியது என்று மல்லுக்கு நிற்பதும் எங்கள் காரைக்குடிப் பக்கம் இப்போது சகஜம். ஆனால் பாதிச் சண்டைக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் இரண்டு பேரும் ஆடியது ஒரே ஆட்டம் இல்லை.

1981இல் நிண்டெண்டோ வெளியிட்ட இந்த ஆட்டத்தில் நான்கு ஸ்டேஜ்: 25 மீட்டர் (பீப்பாய்), 50 மீட்டர் (கன்வேயர் பெல்ட்), 75 மீட்டர் (லிஃப்ட்), 100 மீட்டர் (ரிவெட்). ஜப்பான் பதிப்பில் ஒவ்வொரு லெவலிலும் இந்த நான்கும் இதே வரிசையில் வரும். அமெரிக்கப் பதிப்பில் முதல் லெவலில் 25 முடிந்ததும் நேரே 100தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஐந்தாம் லெவலிலிருந்து 25, 50, 25, 75, 25, 100 என்று ஆறு ஸ்டேஜ். ஆகவே யாராவது ஸ்கோர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்:

“தம்பி, ரெண்டாவது ஸ்டேஜ் என்ன வந்துச்சு?”

“பெல்ட்டுண்ணே.”

சரி, அது ஜப்பான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், புள்ளி குவிவது பீப்பாய் ஸ்டேஜில்தான். ஒரு பீப்பாயைத் தாண்டினால் 100, சுத்தியலால் உடைத்தால் 300, 500, 800 இதில் ஏதோ ஒன்று. 21 லெவல் முடிப்பதற்குள் அமெரிக்கப் பதிப்பில் அந்த ஸ்டேஜ் 56 முறை வரும், ஜப்பானில் 21 முறைதான். (22ஆம் லெவலில் அமெரிக்கப் பதிப்பு தானாகவே முடிந்துவிடும். ஸ்டேஜ் ஓடும்போது குறைந்துகொண்டே வரும் போனஸ்தான் நமக்கு உள்ள நேரம். நூறுகளில் போடும் அந்தக் கணக்கு 260க்குப் போய், ஆட்டத்தின் நினைவகத்தில் 255 வரைதான் அடங்கும் என்பதால் 256 கழிந்து மீதி 4 மட்டும் நின்று, போனஸ் 400இல் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குள் மேலே ஏறி முடிக்க முடியாது.) மொத்த ஸ்கோரை மட்டும் வைத்து ஜப்பான் பதிப்பு ஆடியவனை மட்டம் தட்டுவது அநியாயம்.

எப்படி ஒப்பிடுவது? பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குகிற மாதிரி, நோட்டில் ஸ்டேஜுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஸ்டேஜும் தொடங்கும்போது இருந்த ஸ்கோர், முடிந்தபோது இருந்த ஸ்கோர், இரண்டையும் எழுதிக் கழியுங்கள். ஐந்தாம் லெவலிலிருந்து எழுதினால் போதும், அதற்கு மேல் கடினம் கூடுவதில்லை, போனஸும் அந்த 22ஆம் லெவல் வரை 8000இல் நின்றுவிடும். பிறகு 25 மீட்டரின் சராசரியை 25 மீட்டரோடு, 75ஐ 75ஓடு என்று வையுங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மறுபடி அதே குழப்பம்தான்.

உயிர் போன முறை எடுத்த புள்ளிகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். செத்தாலும் ஸ்கோர் போகாது, அதே ஸ்டேஜை மறுபடி ஆடிப் புள்ளி சேர்க்கலாம், கடைசியில் மிச்சமிருக்கும் உயிர்களை அதற்காகவே செலவழிப்பவர்கள் உண்டு. அது நல்ல உத்தி, ஆனால் அதைச் சராசரியில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடுபவர்கள் டேப் விசையை அழுத்தி, ஆட்டத்தின் அமைப்புகள் இருக்கும் டிப் சுவிட்ச் பக்கத்தைப் பாருங்கள். உயிர் 3, கூடுதல் உயிர் 7000 புள்ளியில் என்பதுதான் வழக்கம். 6 உயிர் வைத்து ஆடியவரோடு ஒப்பிடவே வேண்டாம். மேமின் ஆட்டப் பட்டியலில் பதிப்பின் பெயரையும் நிதானமாகப் படியுங்கள், உதாரணத்துக்கு பாக்மேன் ஆட்டத்தில் வேகம் கூட்டி மாற்றிய பதிப்புகளும் அசலோடு சேர்ந்தே நிற்கும். ஜாய்ஸ்டிக் நான்கு திசை மட்டும் உள்ளதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், எட்டுத் திசைக் குச்சியில் ஏணியைப் பிடிப்பது தனிப் பாடு.

பெரிய ஸ்கோர் வரும் என்று தோன்றும் நாளில் தொடக்கத்திலிருந்தே மேமின் ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள். மேம் அந்தக் கோப்பில் நீங்கள் அழுத்திய விசைகளை மட்டும்தான் சேமிக்கும், அதனால் எந்த மேம் பதிப்பில் பதிந்தீர்களோ அதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள், வேறு பதிப்பில் ஓட்டினால் ஆட்டம் தடம் மாறிப்போக வாய்ப்புண்டு.